அண்ணன் வீட்டைக் கட்டாதவன்

அத்தியாயம் பதினேழு

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன் அண்ணி" என்று எலியாவ் சொன்னதை இஸ்ரேலின் டிமோனா ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்த அண்ணி ஓஸ்னத்தும் நம்பவில்லை.

போன வாரம் அவனுடைய ஏ.சி. ரிப்பேர் கடை வாசலில், வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, "உங்க அண்ணன் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் எவ்வளவு நாள் என்னைக் கட்டி வைக்கப் போற?" என்று அவள் கத்தியது நினைவிருக்கும். அதற்குத்தான் அவன் அப்படிச் சொன்னான். இதற்கு முன்பும் இப்படியே சொல்லித்தான் மூன்று முறை ஏமாற்றியிருந்தான். ஒரு முறை டயர் வெடித்ததாம். ஒரு முறை ராணுவத்தில் கூப்பிட்டுவிட்டார்களாம். மூன்றாவது முறை காரணம் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்துபோனால், அவன் மனைவி அவனுடைய சகோதரனுக்குக் கட்டுப்பட்டவள். மோசே காலத்துச் சட்டம். ஒன்று, அந்தச் சகோதரன் அவளை மணந்து, இறந்தவன் பெயர் அற்றுப்போகாமல் காக்க வேண்டும். இல்லையென்றால் பெரியவர்கள் முன்னிலையில் அவள் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி எறிந்து, அவன் எதிரில் துப்பி, விடுதலை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் வழியை நாடு உண்டான காலத்திலேயே யூத மதகுருக்களான ரபிமார்கள் அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது செருப்பு.

மருந்துக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள், தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஜெருசலேம் வரை போய் வருகிறவள் ஓஸ்னத். ஆனால் அந்தச் செருப்பு கழலாதவரை அவளால் இன்னொருவனைக் கட்டிக்கொள்ள முடியாது. கண்ணாடிக் கடை அவ்னேர் அவளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறான். விடுதலை கிடைத்த அன்றே சம்மதம் சொல்லிவிடுவதாக அவளும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் எலியாவின் வேன் வந்து நின்றது. அவள் வாசலுக்கு வந்து இரண்டு முறை பார்த்தாள்.

எலியாவ்தான். குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பின் சீட் முழுவதும் தன்னுடையது என்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா ஸொஹாரா. அவள் மடியில் சாப்பாட்டுப் பை.

"ஏறுடி. நல்ல காரியத்துக்குப் போற மாதிரி சிங்காரிச்சுட்டு நிக்கிற" என்றாள் மாமியார்.

ஓஸ்னத் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வேன் பாலைவனச் சாலையில் ஏறியது.

"எள்ளு ரொட்டி கொண்டாந்திருக்கேன். ஒண்ணு தின்னு."

"வேணாம் அத்தை. முடியுற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு ரபி சொல்லியிருக்காரு."

"எதுக்காம்?"

"துப்பணுமில்ல. அந்த எச்சில் சாப்பாட்டால ஊறினதா இருக்கக் கூடாதாம்."

"பாரேன்! என் புள்ள மேல துப்புறதுக்கு விரதம் வேற இருக்கா!"

"மேல இல்ல அத்தை. அவனுக்கு முன்னால, தரையில."

"தரையில துப்புறதுக்கு இத்தனை அலங்காரமா? எங்க தெருவுல நித்தம் துப்புறானுங்களே, அவனுக எந்த ரபியைக் கேட்டானுங்க?"

எலியாவ் சிரித்துவிட்டான். ஓஸ்னத்துக்கும் சிரிப்பு வந்தது. அவள் கணவன் அம்ராம் உயிரோடு இருந்தபோது இந்த வேனில் இப்படித்தான் எந்நேரமும் சிரிப்பாக இருக்கும். அதை நினைத்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸொஹாரா விடவில்லை. "நான் எப்படிப் பொறந்தேன்னு உனக்குத் தெரியும்ல? எங்க பெரியப்பன் புள்ளையில்லாம செத்துட்டாரு. எங்கப்பன் அவரு பொண்டாட்டியைக் கட்டினாரு. அதுக்கப்புறம் பொறந்தவ நான். மொராக்கோவுல எங்க மலையில எனக்கு வேற பேரே கிடையாது. 'செத்தவன் வீட்டு வெளக்கு'ன்னுதான் கூப்பிடுவாங்க. இந்தச் சட்டம் இல்லேன்னா நான் இல்ல. நான் இல்லேன்னா உன் புருஷன் ஏது?"

"அத்தை, அதுக்கெல்லாம் இப்ப இடமில்லன்னு ரபி உங்ககிட்டயே சொன்னாரே."

"சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேனா?"

எலியாவ் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

*

பேர்ஷேவா மத நீதிமன்றத்தை வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் மின்சார வாரிய ஆபீஸ் என்றே நினைப்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மங்கிப்போன அறிவிப்புகள், விவாகரத்து வழக்குக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் தம்பதிகள். சரித்திரம் அந்த இடத்தில் எங்கே வந்து உட்காரப் போகிறது என்று யாருக்கும் தோன்றும்.

உள் அறையில் ஐந்து ரபிமார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரபி வக்னின். வெண்தாடி, தூக்கம் போதாத கண்கள், கணீர்க் குரல். சாட்சிகளாகவும் கூட்டமாகவும் நின்றவர்களில் பாதிப் பேரைப் பக்கத்துத் தொழுகைக் கூடத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி போட்டு ஸொஹாராவை உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் ஏ.சி. கடகடவென்று சத்தம் போட்டது.

எலியாவ் அண்ணாந்து பார்த்தான். "ரபி, இந்தக் கம்ப்ரஸர் ரொம்ப நாள் தாங்காது."

"முதல்ல உன் வேலையை முடி. அப்புறம் அதைப் பாக்கலாம்" என்றார் ரபி வக்னின். "ஷூவைக் கழட்டு. வலது காலை நல்லாக் கழுவிட்டு வா. அப்புறம் கொஞ்சம் நடந்து காட்டு. நீ வலது கால்காரனா இடது கால்காரனான்னு நாங்க பாக்கணும்."

காரியம் நடக்க வேண்டியது வலது காலில். பிறவியிலேயே இடது கால் பழக்கம் உள்ளவன் என்றால் சிக்கல். இது ஸொஹாராவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்து வைத்திருந்தாள்.

"இடது கால்காரன்தான்!" என்று எழுந்து நின்றாள். "சின்ன வயசுலேர்ந்து பந்தை இடது காலாலதான் உதைப்பான்! ஊருல யாரை வேணா கேளுங்க! கோல் அடிச்சதெல்லாம் இடது கால்!"

ரபிமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் நீதிமன்றத்திலாவது இப்படி ஒரு ஆட்சேபணை வந்திருக்குமா? ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். அவனை நடக்கச் சொன்னார்கள். நாற்காலி மேல் ஏறச் சொன்னார்கள். திரும்பி நின்று மறுபடி நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வலது காலே முதலில் போயிற்று.

"அம்மா, பந்து வேற, நடை வேற" என்றார் ரபி வக்னின் மென்மையாக. "இவன் வலது கால்காரன்தான்."

ஸொஹாரா உட்கார்ந்துவிட்டாள். கடைசிக் கயிறும் கையை விட்டு நழுவிப்போன முகம் அவளுக்கு.

பிறகு பீரோவைத் திறந்து அந்தச் செருப்பை எடுத்தார்கள்.

நான் அதை ஒரே ஒரு முறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆணி இல்லை, பசை இல்லை, நூல்கூட இல்லை. தோலைத் தோல் வாராலேயே தைத்திருக்கிறார்கள். கெண்டைக்கால் வரை சுற்றிக் கட்ட நீளமான வெள்ளை வார்கள். கடைத்தெருவில் கிடைக்கிற எந்தச் செருப்பின் சாயலும் அதில் இல்லை. கூடாரம் போட்டு அலைந்த ஒரு மனிதன் அதை நேற்று ராத்திரி கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"இது இதுவரைக்கும் நீதிமன்றத்துது. இதை உனக்குப் பரிசாத் தரேன். உன்னோடதா மனசார நினைச்சுத் தூக்கு" என்றார் ரபி வக்னின்.

"அப்புறம் திருப்பிக் கேப்பீங்களா?"

"நாங்க கேக்க மாட்டோம். நீயா எங்களுக்குப் பரிசாக் குடுப்பே."

எலியாவ் அதைத் தூக்கினான். காலில் போட்டு வார்களைச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். அவன் அதோடு ரபிமார்கள் முன்னால் நடந்து காட்டினான். ஒரு காலில் மோசே காலம், இன்னொரு காலில் டிமோனா சந்தையில் வாங்கிய ரப்பர் ஷூ. இந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு அந்த அறையில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

"இந்தச் செருப்பு கழண்டதும் இவ விடுதலை. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்னைக்கும் ஆகாதவங்க. புரியுதா?" என்றார் ரபி.

"புரியுது" என்றாள் ஓஸ்னத் உடனே. எலியாவ் தலையை மட்டும் ஆட்டினான்.

ரபி வக்னின் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஓஸ்னத் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். அவள் தினமும் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசுகிற அதே எபிரேய மொழிதான். ஆனால் இந்தச் சொற்கள் மட்டும் கனமாக இருந்தன.

"என் கணவனின் சகோதரன், தன் சகோதரனின் பெயர் இஸ்ரவேலில் நிலைத்திருக்கச் செய்ய மறுக்கிறான். எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அவனுக்கு விருப்பமில்லை."

நன்றாகச் சொல்லிவிட்டாள். மருந்துச் சீட்டு படிப்பதுபோல் தட்டுத் தடங்கல் இல்லாமல்.

"இப்ப நீ" என்று எலியாவ் பக்கம் திரும்பினார் ரபி. "'இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.' சொல்லு."

எலியாவ் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.



"இவளை எடுத்துக்கொள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

"தம்பி, உன்னை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல ரபி."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"பின்னே?"

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்."

ரபி வக்னின் அவனையே பார்த்தார். இந்த அறையில் அவர் பார்க்காத முகம் இல்லை. "போ, குடிச்சுட்டு வா. நாங்க எங்கயும் போயிடல. ஆரம்பத்துலேர்ந்து மறுபடி சொல்லிக்கலாம்."

பின்னால் நாற்காலியில் ஸொஹாராவின் கண்கள் பளிச்சென்றன. பிள்ளை கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்கிறான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு அப்போது அவ்வளவுதான் புரிந்தது.

*

"ரபி, நான் அவன்கிட்டப் பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டு ஓஸ்னத் அவன் பின்னாலேயே போனாள். கோபத்தில் அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

நடைகூடத்தின் கோடியில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். காகித டம்ளர் கையில் இருந்தது, ஆனால் தண்ணீர் பிடித்திருக்கவில்லை.

"நாலாவது தடவையா? இந்தத் தடவை எந்த டயர் வெடிச்சுது?"

"டயர் அப்பவும் வெடிக்கல அண்ணி."

"எனக்குத் தெரியாதா என்ன? உனக்கு என்னதான்டா வேணும்? துப்புறது அவமானமா இருக்கா? தள்ளி நின்னு துப்புறேன், போதுமா? உன் நிழல் மேலகூடப் படாது."

"நீ என் மூஞ்சியிலயே துப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன? ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல முடியாதா?"

"அது பொய்யா இருக்கே அண்ணி."

ஓஸ்னத்துக்கு முதலில் அர்த்தமாகவில்லை. பிறகு அர்த்தமாயிற்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். இவ்வளவு சொற்களை அவன் சேர்த்துப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அண்ணன் இருந்தப்ப ஒரு நாளும் இல்ல. அவன் மேல சத்தியமா இல்ல. நீ எனக்கு அண்ணிதான், சோறு போட்டவ, அவ்வளவுதான். அவனைப் புதைச்சுட்டு வந்து துக்கத்துக்கு உக்காந்திருந்தோமே, அப்ப நம்ம ஊரு ரபி வந்து என் தோள்ல கையை வெச்சு, 'இவ இப்ப உனக்குக் கட்டுப்பட்டவ'ன்னு சொன்னாரு. எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. நானும்தான். ஆனா அந்த வார்த்தை மட்டும் உள்ள போய் உக்காந்துக்கிச்சு. சட்டத்துக்காகச் சொன்னாரு. எனக்குச் சட்டமாக் கேக்கல."

"எலியாவ்..."

"கல்யாணம் நடக்காதுன்னு தெரியும். ரபிமார் விட மாட்டாங்க. நீயும் அப்படி நினைக்கல. ஆனா செருப்பு கழலாத வரைக்கும் ஒரு நூலாவது இருக்குமேன்னு... அதுக்குத்தான் டயரு, ராணுவம் எல்லாம். உன் வயசைத் தின்னுட்டிருக்கோம்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். நீ கடை வாசல்ல வந்து கத்துனியே, அப்பதான் எனக்கே அசிங்கமாப் போச்சு."

ஒன்றரை வருஷமாக இவனைப் பிடிவாதக்காரன், அம்மா பிள்ளை, கல்நெஞ்சன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தண்ணீர் ஹீட்டர் கெட்டுப்போனால் கூப்பிடாமலேயே வந்து சரிசெய்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் ஓடுவானே, அதற்கெல்லாம் இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவள் பயந்தாள்.

"நான் அவ்னேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"தெரியும். நல்ல மனுஷன். என் கண்ணாடியைப் போட்டுக் குடுத்ததே அவருதானே."

"அத்தைக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வரியைச் சொல்லச் சொல்லாம இருந்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்காது. யாரு எழுதி வெச்சாங்களோ தெரியல, நேரா கொண்டாந்து நெஞ்சு முன்னால நிறுத்திட்டாங்க."

மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு சட்டம், டிமோனாவில் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிற ஒருவனின் உள்ளே இருந்த ஒரே ஒரு ரகசியத்தை எப்படித் தேடிக் கண்டுபிடித்தது? இந்த நாட்டில் இத்தனை காலம் குப்பை கொட்டிய பிறகும் எனக்கு இது பிடிபடவில்லை. சட்டம் ஒரு வரிதான் கேட்கிறது. உண்மையா பொய்யா என்றுகூட அது கேட்பதில்லை. வாயால் சொல் என்கிறது. அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொள்கிறான்.

ஓஸ்னத் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

"குடி."

குடித்தான்.

"உள்ள வந்து சொல்லு எலியாவ்."

"பொய்யவா?"

"ஆமா. எனக்காக."

அவன் தலை குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "சரி அண்ணி" என்றான்.

*

ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டும் என்று ரபி சொன்னாரல்லவா? அதன் அர்த்தம் ஓஸ்னத்துக்கு உள்ளே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. முதலில் சொல்ல வேண்டியவள் அவள்.

"என் கணவனின் சகோதரன், தன் சகோதரனின் பெயர் இஸ்ரவேலில் நிலைத்திருக்கச் செய்ய..."

நின்றுவிட்டாள். எதிரே நிற்கிறவன்தான் அதைச் செய்திருப்பான். உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

"மறுக்கிறான்" என்று எடுத்துக்கொடுத்தார் ரபி வக்னின். "நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. முதல்லேர்ந்து வா."

மறுபடியும் சொன்னாள். இந்த முறை முழுவதும் சொன்னாள். மறுக்கிறான் என்ற இடத்தில் எலியாவ் மெல்லத் தலையசைத்தான், பரவாயில்லை, சொல்லு என்பதுபோல்.

பிறகு அவன் நிமிர்ந்து நின்று, கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, நிறுத்தாமல் சொன்னான்.

"இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை."

ஸொஹாரா அந்தக் குரலைக் கேட்டாள். பெற்றவளுக்கு அது போதும். அவள் முகத்திலிருந்து சந்தோஷம் போயிற்று. அவள் பிள்ளையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓஸ்னத் அவன் காலடியில் மண்டியிட்டாள். வலது கையால் மட்டுமே அவிழ்க்க வேண்டும். அவன் குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்க வேண்டும். அவள் விரல்கள் முதல் முடிச்சைத் தேடின. வார் இறுகியிருந்தது. அவன் கெண்டைக்கால் நடுங்குவது அவளுக்கு விரல் நுனியில் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. வார்கள் சுற்றுச் சுற்றாகக் கழன்று விழுந்தன.

இப்படி எத்தனை பெண்கள் மண்டியிட்டிருப்பார்கள்? கூடாரங்களுக்கு முன்னால், ஊர் வாசல்களில், மலைக் கிராமங்களில். விடுதலை வேண்டும் என்று துடித்தவர்களும் இருந்திருப்பார்கள். விடுதலை வேண்டாம் என்று உள்ளுக்குள் அழுதவர்களும் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் இதே வலது கைதான், இதே முடிச்சுதான். அன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அறைக்குள் அவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள் என்று சொன்னால் நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். அந்த அறையில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் குதிகாலை விடுவித்து, செருப்பைக் கழற்றி, தூர எறிந்தாள். அது மேஜைக் காலில் மோதித் தரையில் விழுந்தது.

எழுந்து நின்றாள். இனித் துப்ப வேண்டும்.

வாய் உலர்ந்துபோயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முயன்றாள். வெறும் காற்றுத்தான் வந்தது. ரபிமார்கள் ஐந்து பேரும் மேஜை மேல் குனிந்து தரையைப் பார்த்தார்கள். எச்சில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இவ்வளவும் வீண்.

"தெரியலியே" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

மறுபடி முயன்றாள். ஒன்றும் இல்லை. கண்ணில் மட்டும் நீர் நிறைந்தது. அதைச் சட்டம் கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்கடி!"

ஸொஹாரா எழுந்து நின்றிருந்தாள்.

"நான் உப்புல ஊறப்போடுவேனே எலுமிச்சை, அம்ராம் ஜாடியோட தூக்கிட்டு ஓடுவானே, அதை நினைச்சுக்க. நாக்குல வெச்சுக் கடிக்கிற மாதிரி நினைச்சுக்கம்மா."

காலையிலிருந்து இதைக் கெடுக்க வந்தவள். ரபி வக்னின் அவளை அடக்கவில்லை.

ஓஸ்னத்தின் வாயில் நீர் ஊறிற்று. அவன் முகத்துக்கு நேராக நின்று, தரையில் துப்பினாள்.

"பார்த்தோம்" என்றார்கள் ரபிமார்கள்.

"தன் சகோதரன் வீட்டைக் கட்டாத மனிதனுக்கு இப்படியே செய்யப்படும். இஸ்ரவேலில் அவன் வீடு, செருப்புக் கழற்றப்பட்டவன் வீடு எனப்படும்." ஓஸ்னத் இதைச் சொல்லி முடித்ததும் அறையில் இருந்த எல்லோரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

"செருப்புக் கழற்றப்பட்டவன்! செருப்புக் கழற்றப்பட்டவன்! செருப்புக் கழற்றப்பட்டவன்!"

மூன்றாவது முறை ஸொஹாராவின் குரலும் சேர்ந்துகொண்டது. தன் பிள்ளையைத் தானே அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எலியாவ் வெறும் காலோடு, தலை நிமிர்ந்து, அதை வாங்கிக்கொண்டான். கட்டத் துணிந்திருந்தவனுக்குக் கட்டாதவன் என்ற பெயர்.

அவன் குனிந்து செருப்பை எடுத்து ரபியின் கையில் கொடுத்தான். "இது உங்களுக்கு என் பரிசு" என்றான்.

ரபி வக்னின் அதை உடனே வாங்கவில்லை. அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இஸ்ரவேலின் மகள்கள் யாருக்கும் இனி இந்த நிலை வராதிருக்கட்டும் என்று பிரார்த்தித்தார். பிறகு ஓஸ்னத் பக்கம் திரும்பினார்.

"இனிமே நீ யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம் மகளே. உலகத்துல யாரை வேணும்னாலும்" என்றார். வழக்கமாகச் சொல்கிற மிச்சத்தைச் சொல்ல ஏனோ கொஞ்சம் தாமதித்தார். "இவனைத் தவிர."

*

எலியாவ் அவர்களோடு கிளம்பவில்லை. ஏ.சி.யைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏணி கேட்டுப் போனான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

மாமியாரும் மருமகளும் படியில் இறங்கினார்கள். ஸொஹாராவுக்கு முட்டி வலி. ஓஸ்னத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"இனிமே நீ என் மருமக இல்ல" என்றாள் நடுப்படியில் நின்று.

"அத்தை..."

"மகள்னு சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மகள்னா அவனுக்கு நீ அக்கா முறை ஆயிடுவே. அதையும் அவன் தலையில கட்ட வேணாம்." மூக்கை உறிஞ்சினாள். "சும்மா ஓஸ்னத்தாவே இரு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அவன் இல்லாத நேரமாப் பாத்து நான் சொல்லி அனுப்பறேன்."

ஓஸ்னத் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் நன்றாக அழுதார்கள். மேலே ஏறிப் போன ஒரு விவாகரத்துத் தம்பதி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கீழே வெயிலில், கையில் பூங்கொத்தோடு அவ்னேர் நின்றான். அவசரமாகக் கிளம்பி வந்திருப்பான் போல. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். பூக்களை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தான். ஸொஹாரா அவனைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது."

"அப்பாடா!" அவன் முகமெல்லாம் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல மனிதனின் சிரிப்புத்தான். "இப்ப உன்னை யாரும் தடுக்க முடியாது. இப்ப சொல்லு ஓஸ்னத். சரிதானே?"

எத்தனையோ மாதமாக அவன் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பதில் இருந்தது. சட்டம் விடவில்லை என்பாள். அது சுலபமான பதில். சட்டம் இப்போது ஒதுங்கி நின்றுகொண்டது.

ஓஸ்னத் பூங்கொத்தை வாங்கவில்லை.

"இன்னைக்குக் கேக்காதே அவ்னேர்" என்றாள். "என்னை விடணும்னு ஒருத்தன் இன்னைக்கு அத்தனை பேர் முன்னால பொய் சொல்லியிருக்கான். அதை வாங்கிக்கிட்டு வந்து உன்கிட்ட இன்னொரு பொய் சொல்ல என்னால முடியாது."

"எது பொய்? நீ சரின்னு சொல்றதா?" அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

"அது தெரிஞ்சா நான் சொல்லிடுவேனே" என்றாள் ஓஸ்னத்.